ஒரே பெயரில் இரு பெண்கள்: அன்னி மூரின் குடும்ப வரலாறு நிறுவப்பட்ட விதம்

குடும்ப வரலாறு என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது இணையத்தில் உள்ள ஒரு தேடல் கட்டம்தான். அதில் பாட்டியின் பெயரை எழுதினால் பழைய கப்பல் பட்டியல் ஒன்று வந்து நிற்கிறது. பெயர் பொருந்திவிட்டால் பாட்டி கிடைத்துவிட்டார் என்று முடிவு செய்துவிடுகிறோம். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களைப் பற்றிய பேச்சில் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தேடலின் தொடக்கம் மட்டுமே என்பதை விளக்க, அன்னி மூர் என்ற ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, அங்கே முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவர் இவர்தான். அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்திலிருந்து ‘நெவாடா’ என்ற நீராவிக் கப்பலில், ஆன்டனி, பிலிப் என்ற இரு தம்பிகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் வெபர் அவருக்கு 10 டாலர் தங்க நாணயம் ஒன்றைப் பரிசளித்தார். நாளேடுகள் அவரைப் பற்றி எழுதின. பிற்காலத்தில் எல்லிஸ் தீவிலும், இன்று கோவ் என்று அழைக்கப்படும் குயின்ஸ்டவுனிலும் அவருக்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. இத்தனை புகழுக்குப் பிறகும், அவருடைய பிற்கால வாழ்க்கை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது வேறொரு பெண்ணின் வாழ்க்கை.

பெயர் மட்டும் எழுதிய கடிதம்

ஒரு பெரிய ஊருக்கு வந்து சேரும் கடிதத்தின் மேல் ‘மேரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அஞ்சல்காரர் அதை யாரிடம் கொடுப்பார்? தெருவின் பெயர் இருந்தால் நூறு மேரிகள் ஐந்து மேரிகளாகக் குறைவார்கள்; தந்தை பெயரும் இருந்தால் இருவராகக் குறையலாம்; கதவு எண்ணும் சேர்ந்தால்தான் கடிதம் உரியவரைச் சென்று சேரும். பழைய ஆவணங்களில் உள்ள பெயர்களும் அப்படித்தான். அன்னி என்பதும் மூர் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகச் சாதாரணமாக வழங்கிய பெயர்கள். ஆகவே ஒரு கப்பல் பட்டியலில் உள்ள அன்னி மூரும் பத்தாண்டு கழித்து ஒரு கணக்கெடுப்பில் தென்படும் அன்னி மூரும் ஒரே ஆள்தான் என்று சொல்ல, பெயரைத் தவிர வேறு பொருத்தங்கள் தேவை: பெற்றோர் பெயர், உடன்பிறந்தோர், பிறந்த இடம், குடியிருந்த தெரு, சாட்சிகளாக வந்தவர்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அலுவலகங்கள் எழுதிய இரண்டு பதிவுகள் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன என்று காரணங்களோடு காட்டுவதற்குப் பதிவு இணைப்பு என்று பெயர். குடும்ப வரலாறு என்பது இத்தகைய இணைப்புகளின் தொடர். நடுவில் ஓர் இணைப்பு சோதிக்கப்படாமல் இருந்தால், அதற்கு மேலே எழுதப்படும் முன்னோர் அனைவரும் வேறொரு குடும்பத்தின் முன்னோராக இருக்கக்கூடும்.

கப்பல் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

எல்லிஸ் தீவைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. அங்கிருந்த அதிகாரிகளுக்கு அயல்மொழிப் பெயர்கள் விளங்காததால் தமக்குத் தோன்றியபடி மாற்றி எழுதினார்கள் என்றும், அதனால்தான் தங்கள் குடும்பப் பெயர் இப்படி ஆயிற்று என்றும் எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்கள் நம்புகின்றன. நடைமுறை வேறாக இருந்தது. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தின் எழுத்தர்கள் பயணம் தொடங்கும் துறைமுகத்திலேயே தயாரித்தார்கள். எல்லிஸ் தீவின் அதிகாரி அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, எதிரே நின்றவரிடம் கேள்விகள் கேட்டுச் சரிபார்த்தார். அங்கே மொழிபெயர்ப்பாளர்களும் பணியில் இருந்தார்கள். பெயர்கள் மாறியது உண்மைதான். அந்த மாற்றம் பெரும்பாலும் பின்னாளில் பள்ளியிலும் தொழிலிடத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும், குடியேறியவர்களின் விருப்பத்தோடு நடந்தது.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கப்பலில் வந்த அனைவரும் எல்லிஸ் தீவுக்குள் நுழையவில்லை. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைப் பொதுவாகக் கப்பலிலேயே சுருக்கமாகச் சோதித்து இறக்கிவிட்டார்கள். ஸ்டீரேஜ் எனப்பட்ட, கப்பலின் கீழ்த்தளத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் நெருக்கியடித்துப் பயணம் செய்தவர்கள்தாம் தீவின் வரிசைகளில் நின்றார்கள். 1892 முதல் 1954 வரை அங்கே வந்து போன ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் அத்தகைய ஏழைகளே. அன்னியும் அவர்களில் ஒருவர்.

அன்னி வந்த காலத்துப் பட்டியல்களில் விவரங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் யாரிடம் போகிறார் என்று கேட்கும் வழக்கம் 1893ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரைக் கேட்கும் வழக்கம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும்தான் வந்தன. 1892ஆம் ஆண்டின் முதல் நாளில் வந்த அன்னியின் வரிசையில் இவை இரண்டும் இல்லை. வயதும் நம்பத்தக்கதாக இல்லை. அன்று அவருக்கு 15 வயது என்று நாளேடுகள் எழுதின. 1874இல் பிறந்த அவருக்கு அப்போது உண்மையில் 17 வயது. பெற்றோரான மேத்யூவும் ஜூலியாவும் 1888இலேயே நியூயார்க் வந்து மன்றோ தெருவில் 32ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதைப் பட்டியலுக்கு வெளியேதான் அறிய முடிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கப்பல் பட்டியல் ஒருவர் வந்து சேர்ந்த நாளைக் காட்டும். அவர் யாருடைய மகள், இறங்கிய பிறகு எங்கே போனார் என்பவற்றுக்கு, குறிப்பாக 1893க்கு முன், அது விடை தராது.

பெண்ணின் தடம் எங்கே அறுபடுகிறது

ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து ஆண்களே மிகுதியாகக் குடியேறிய காலத்தில், அயர்லாந்திலிருந்து ஆண்களுக்கு நிகரான எண்ணிக்கையில் பெண்களும் வந்தார்கள். அவர்களில் பலர் துணையின்றி வந்த மணமாகாத இளம்பெண்கள். வீட்டு வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பி, அடுத்த தங்கையின் பயணச் சீட்டுக்கும் வழி செய்தவர்கள் அவர்கள். நியூயார்க் துறைமுகத்தில் அவர்களைக் காப்பதற்காகவே ஜான் ரியோர்டன் என்ற குரு 1880களில் செபமாலை அன்னையின் பெயரால் ஓர் இல்லத்தை நடத்தினார். இத்தனை பெரும் எண்ணிக்கையில் வந்தும், அவர்களின் வரலாற்றை எழுதுவது ஆண்களின் வரலாற்றை எழுதுவதைவிடக் கடினமாக இருப்பதற்குச் சட்டமே ஒரு காரணம்.

முதலாவது தடை, திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறுவது. இரண்டாவது தடை அதைவிடப் பெரியது. வேறு நாட்டவர் ஒருவர் விண்ணப்பித்து, உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகனாவதைக் குடியுரிமை ஏற்பு என்கிறோம். அந்த ஆவணங்கள் குடும்ப வரலாற்றுக்குப் பெரும் துணை. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் தானாகவே குடியுரிமை பெற்றுவிடுவார். கணவர் குடியுரிமை ஏற்றால் மனைவிக்கும் அது சேர்ந்தே வரும். அவர் பெயரில் தனி விண்ணப்பம் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் எழுதப்படவும் இல்லை. 1922இல் இயற்றப்பட்ட கேபிள் சட்டம்தான் மணமான பெண்ணின் குடியுரிமையைக் கணவரிடமிருந்து பிரித்தது. ஆகவே 1922க்கு முன் மணமான ஒரு குடியேறியைத் தேடுபவர், அவருடைய கணவர், தந்தை, உடன்பிறந்த ஆண்கள் ஆகியோரின் காகிதங்களைப் புரட்டத்தான் வேண்டும். ஒரு பெண்ணின் சொந்த வரலாற்றை மற்றவர்களின் ஆவணங்களுக்குள் தேட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

மூன்றாவது தடை ஒரு தீ விபத்து. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1890ஆம் ஆண்டின் ஏடுகள், 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத் துறைக் கட்டடத்தில் பற்றிய தீயில் பெரும் சேதமடைந்தன. மிஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டன. 6 கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்த அந்த ஏடுகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 6,000 பெயர்கள் மட்டுமே. 1888இல் வந்த அன்னியின் பெற்றோரை, பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன்பே அந்த நகரத்தில் காட்டியிருக்கக்கூடிய தேசியக் கணக்கெடுப்பு அது ஒன்றுதான்.

பங்குக் கோயிலின் பதிவேடுகள்

கடலுக்கு அப்பால், அயர்லாந்தின் நிலை இதைவிட மோசம். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அங்கே சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசின் ஆணையால் அழிக்கப்பட்டிருந்தன. முழுமையாகக் கிடைக்கும் முதல் ஐரிஷ் கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினது. 1874இல் பிறந்து 1891 டிசம்பரில் கப்பலேறிய அன்னியைக் காட்டும் ஐரிஷ் கணக்கெடுப்பு ஏடு எதுவும் உலகில் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் அவர் கத்தோலிக்கர் என்பது ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகள் பல, சட்டப்படி அந்தக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்ததால் எரிந்துபோயின. கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசு கேட்டதில்லை; அவை அந்தந்தப் பங்கின், அதாவது ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பகுதியின், குருவிடமே இருந்தன. அரசு பொருட்படுத்தாமல் விட்டதாலேயே அவை தப்பின. பின்னர் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை நுண்படமாக எடுத்து, 1880 அளவு வரையிலான பக்கங்களை 2015இல் யாரும் கட்டணமின்றிப் பார்க்குமாறு இணையத்தில் வெளியிட்டது.

ஞானஸ்நானப் பதிவேடு என்பது, ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டதைப் பங்குக்குரு எழுதிவைக்கும் ஏடு. அதில் குழந்தையின் பெயர், நாள், தந்தையின் பெயர் ஆகியவற்றோடு, தாயின் பெயர் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகிய ஞானப்பெற்றோரின் பெயர்களும் இருக்கும். அரசுக் காகிதங்கள் பெண்ணைக் கணவரின் பெயருக்குள் மறைத்துவிட்ட காலத்தில், ஒவ்வொரு பிள்ளையின் திருமுழுக்கிலும் தாயின் சொந்தக் குடும்பப் பெயரை மீண்டும் மீண்டும் எழுதிவைத்த ஏடு இதுதான். நியூயார்க்கின் பங்குக் கோயில்களிலும் இதே முறை இருந்ததால், கடலின் இரு கரையிலும் உள்ள ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது.

ஞானப்பெற்றோரின் பெயர்களைப் புதியவர்கள் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அது பேரிழப்பு. ஞானப்பெற்றோராகப் பெரும்பாலும் நின்றவர்கள் அத்தை, மாமா, சித்தி, பக்கத்து வீட்டார் போன்ற நெருக்கமானவர்களே. அயர்லாந்துப் பங்கு ஒன்றில் ஞானத்தாயாக நின்ற பெண்ணின் பெயர், இருபதாண்டு கழித்து நியூயார்க்கில் திருமணச் சாட்சியாகவும் தென்பட்டால், அது பதிவு இணைப்புக்கு வலுவான ஆதாரம். தேடப்படும் ஆளை நேரடியாகப் பின்தொடராமல், அவரைச் சூழ்ந்திருந்தவர்களைத் தொடர்ந்து சென்று அவரை அடைவதைச் சுற்றத்தார் வழித் தேடல் என்று சொல்லலாம்.

திருமணப் பதிவேட்டுக்கும் தனி மதிப்பு உண்டு. கத்தோலிக்க வழக்கப்படி திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடக்கும் என்பதால், அந்த ஏடு கிடைத்தால் பெண் வீட்டார் குடியிருந்த இடமும் கிடைத்துவிடும். 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த வத்திக்கான் ஆணை ஒன்று, திருமணம் எங்கு நடந்தாலும் மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அதைத் தெரிவித்து, பழைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கச் செய்தது. பாஸ்டனில் நடந்த திருமணத்தின் குறிப்பு அயர்லாந்துச் சிற்றூர்க் கோயிலின் ஏட்டோரத்தில் இருக்கக்கூடும் என்பதை அறியாதவர்கள் ஏராளம். அன்னியின் திருமணம் 1895இல் நடந்ததால் அவருக்கு இந்த வழி திறக்கவில்லை.

இந்த ஏடுகளைப் படிப்பவர் மனத்தில் வைக்க வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அயர்லாந்தில் பிறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864இல். காலம் கடந்து பதிவு செய்தால் அபராதம் உண்டு என்பதால், பெற்றோர் சிலர் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். அதனால் சில குழந்தைகளுக்குத் திருமுழுக்கு நாள் முன்னதாகவும் பிறந்த நாள் பின்னதாகவும் அமைந்திருக்கும். அத்தகைய இடத்தில் கோயில் ஏட்டை நம்புவதே முறை.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் கொள்ள வேண்டியவை: கத்தோலிக்கப் பதிவேடுகள் 1922ஆம் ஆண்டுத் தீயிலிருந்து தப்பியவை, அவை தாயின் பிறந்த வீட்டுப் பெயரைத் தருபவை, ஞானப்பெற்றோரும் சாட்சிகளும் வெறும் பெயர்கள் அல்லர், குடும்பத்தைச் சுட்டும் அடையாளங்கள்.

டெக்சாஸ் அன்னியும் நியூயார்க் அன்னியும்

இனி பிழை எங்கே நேர்ந்தது என்று பார்க்கலாம். எல்லிஸ் தீவில் இறங்கிய அன்னி மேற்கு நோக்கிச் சென்று, டெக்சாசில் குடியேறி, புகழ்பெற்ற ஐரிஷ் தலைவர் டேனியல் ஓ’கானலின் வழித்தோன்றல் ஒருவரை மணந்து, 1920களில் ஃபோர்ட் வொர்த் நகரருகே தெருவண்டி மோதி இறந்தார் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட வரலாறு. அந்தப் பெண்ணின் சந்ததியார் இதை நல்லெண்ணத்தோடு நம்பினார்கள். விழாக்களில் சிறப்பிக்கவும் பட்டார்கள். குடியேறியவர் மேற்கே சென்று நிலைபெறுவார் என்று அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைக்கு அது அழகாகப் பொருந்தியது. ஆய்வு இல்லாமலேயே அது நிலைத்ததற்கு அந்தப் பொருத்தம்தான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

குடும்ப வரலாற்று ஆய்வாளர் மேகன் ஸ்மோலன்யாக் டெக்சாஸ் அன்னியின் ஆவணங்களைச் சோதித்தபோது, அவர் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்பது தெரியவந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர் எல்லிஸ் தீவில் முதல் குடியேறியாக இறங்கியிருக்க முடியாது. அப்படியானால் உண்மையான அன்னி எங்கே? 2006இல் ஸ்மோலன்யாக், விடை கண்டுபிடிப்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று இணையத்தில் அறிவித்தார்.

நியூயார்க் நகர ஆவணத் துறையின் ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சனும் தேடலில் சேர்ந்தார். அவர் கையில் சிக்கியது, அன்னியோடு அதே கப்பலில் வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமைச் சான்று. மேலே சொன்ன சுற்றத்தார் வழித் தேடல் அதன்பின் படிப்படியாக நடந்தது. ஆணாக இருந்ததால் பிலிப்புக்குத் தனிச் சான்று இருந்தது. பெயர் மாறாததால் 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவரை மகளோடு அடையாளம் காண முடிந்தது. மகளின் வழியாக வாழும் உறவினரை அடைய முடிந்தது. அவர்கள் வழியே அன்னியின் மண வாழ்க்கை துலங்கியது. அன்னி என்ற பெயரை மட்டும் தேடியிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. அவர் கையைப் பிடித்து வந்த சிறுவனைத் தேடியதால் கிடைத்தது.

ஆவணங்கள் காட்டிய வாழ்க்கை

உண்மையான அன்னி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய பின் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்தார். ஜெர்மன் கத்தோலிக்கக் குடியேறிகளின் மகனும் ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை செய்தவருமான ஜோசப் அகஸ்டஸ் ஷேயரை மணந்தார். ஐரிஷ் பெண்ணும் ஜெர்மன் குடும்பத்து ஆணும் மணந்துகொள்வதற்கு அந்நகரில் இயல்பான பாலமாக இருந்தது இருவருக்கும் பொதுவான சமயம். அவர்களுக்குக் குறைந்தது 10 குழந்தைகள் பிறந்தார்கள். ஐவர் மட்டுமே வளர்ந்து பெரியவர்களானார்கள்.

1900, 1910 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்புகள் ஒவ்வொரு தாயிடமும் இரண்டு எண்களைக் கேட்டன: எத்தனை குழந்தைகளைப் பெற்றீர்கள், அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள். குடும்ப வரலாறு எழுதுபவர் இந்த இரு எண்களின் வேறுபாட்டை வைத்து, எத்தனை இறப்புச் சான்றுகளைத் தேட வேண்டும் என்று கணக்கிடுகிறார். அன்றைய லோயர் ஈஸ்ட் சைடின் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் காசநோயும் வயிற்றுப்போக்கும் தொண்டை அடைப்பானும் குழந்தைகளை எப்படிக் கொண்டுபோயின என்பதை அறிந்தவருக்கு, அந்தக் கழித்தல் கணக்கு எளிதாகச் செய்துவிடக்கூடியதாக இருக்காது.

அன்னி 1924 டிசம்பரில் இதயச் செயலிழப்பால், 50ஆம் வயதில் இறந்தார். குயீன்ஸ் பகுதியில் உள்ள கால்வரி என்ற கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், அவருக்கு முன்பே இறந்த தம் குழந்தைகள் சிலரோடு அடக்கம் செய்யப்பட்டார். பெயர் பொறித்த கல் எதுவும் அங்கே நெடுங்காலம் இருக்கவில்லை. கல் இல்லாமலும் கல்லறையைக் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் ஒவ்வொரு குழியிலும் யார் யார் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று ஏடு வைத்திருந்ததுதான். 2008 அக்டோபரில் ஐரிஷ் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய கெல்டிக் சிலுவை ஒன்று அங்கே நிறுவப்பட்டது.

தேடலைத் தொடங்கும் முறை

இத்தகைய ஒரு பெண்ணைத் தேடத் தொடங்குபவர், கப்பலிலிருந்து முன்னோக்கி வராமல், அறிந்த இறப்பிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. அக்கால நியூயார்க் நகர இறப்புச் சான்றில் இறந்தவரின் பெற்றோர் பெயரும், அமெரிக்காவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் கேட்கப்பட்டிருந்தன. அந்த எண்ணைக் கழித்தால் கப்பல் வந்த ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். அதன்பின் பிள்ளைகளின் ஞானஸ்நானம், பெண்ணின் திருமணம், அதில் நின்ற சாட்சிகள், அவருடைய உடன்பிறந்த ஆண்களின் குடியுரிமைச் சான்று என்று செல்ல வேண்டும். கப்பல் பட்டியலைக் கடைசியில் திறக்கலாம். பெற்றோர் பெயர் அறியாமல் பட்டியலைத் திறப்பவருக்கு எல்லா அன்னி மூர்களும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் தன் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளை 2022 முதல் கட்டணமின்றி இணையத்தில் காட்டுகிறது. அயர்லாந்து அரசும் 1864இல் தொடங்கும் பிறப்புப் பதிவுகளை அவ்வாறே திறந்துவைத்திருக்கிறது. நடுவில் உள்ள பங்குப் பதிவேடுகளில் பலவற்றுக்கு மட்டும் இன்றும் அந்தந்தக் கோயிலுக்கோ மறைமாவட்டத்துக்கோ கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.